மையக்கருத்தைக் கடைசியில் தேடுங்கள்: ஆங்கிலக் கவிதையை அலச ஒரு வழி

போன வருடம் என் அக்கா மகன் மெட்ரிக் எழுதினான், இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளிக் கடைசி வருடத் தேர்வுக்கு அதுதான் பெயர். ஜூன் தேர்வில் கவிதைக் கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு. விடைத்தாளைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் போட்டுவிட்டு, "சின்னம்மா, இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க" என்றான். வாசித்துப் பார்த்தேன். தப்பு என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை, பிரச்சினையே அங்கேதான் இருந்தது. "இந்தக் கவிதையின் மையக்கருத்து தனிமை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கத் தனிமை எவ்வளவு கொடுமையானது என்று எழுதியிருந்தான். கவிதையைப் பார்க்காமலேயே அந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம்.

டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குச் சனிக்கிழமை மதியம் ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள். ட்யூஷன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, குரங்கு வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு கவிதையை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிப்போம், அவ்வளவுதான். ஆங்கிலத்தை ஹோம் லாங்குவேஜ் (தாய்மொழி) நிலையில் எடுக்கும் பிள்ளைக்கு இரண்டாம் தாளில் 80 மதிப்பெண்ணில் 30 கவிதைக்குத்தான், அதில் பத்து இதுவரை கண்ணால் பார்க்காத கவிதைக்கு. அந்தப் பத்துக்கு மனப்பாடம் உதவாது. படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பென்சில், ஒரு வெள்ளைத்தாள். தாளை மூன்று பத்தியாக மடியுங்கள். மேலே முதல், கரு, உரி என்று எழுதுங்கள். ஆமாம், தொல்காப்பியம்தான். இடமும் காலமும் முதற்பொருள். அந்த இடத்தில் இருக்கும் மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம் கருப்பொருள். அங்கே நடக்கும் மன ஒழுக்கம் உரிப்பொருள். சங்கப்பாட்டுக்குச் சொன்னதை ஆங்கிலக் கவிதைக்குப் போடலாமா என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும், வேலை செய்கிறது. ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இன்று மையக்கருத்தைக் 'கருப்பொருள்' என்று எழுதுகிறோமே, தொல்காப்பியக் கணக்கில் கருப்பொருள் என்பது கையால் தொடக்கூடிய, காதால் கேட்கக்கூடிய சாமான்கள். பிள்ளைகள் மையக்கருத்து என்று தேடுவது உரிப்பொருளை. அது மூன்றாவது பத்தி. முதல் இரண்டும் நிரம்பும் வரை மூன்றாவதில் பென்சிலை வைக்க என் வீட்டில் அனுமதி இல்லை.

அப்புறம் ஒரு பெயர்க் குழப்பம். 'ரொமான்டிக் கவிதை' என்றதும் பாதிப் பேர் காதல் கவிதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது ஒரு காலத்தின் பெயர். ஏறக்குறைய 1780-களிலிருந்து 1830-கள் வரை, பிரெஞ்சுப் புரட்சியும் ஆலைப்புகையும் ஒன்றாக வந்த காலம். வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 1798-இல் போட்ட தொகுப்பு ஒரு மைல்கல், சாதாரண மனிதர்கள் பேசும் மொழியிலேயே எழுதுவோம் என்று கிளம்பினார்கள். இயற்கை, குழந்தை, தனிமனித மனம், அரசுமீது கோபம் எல்லாம் அந்தக் கூடையில் உண்டு. நம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதுகூட அந்தக் காலத்துக் கவிஞர் ஷெல்லியின் கோபத்தைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம்.

சரி, ஒரு கவிதையை எடுப்போம். நம் ஊர்க்காரர் கவிதையே இருக்கிறது. தாமஸ் பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-இல் குடியேறிகளோடு இங்கே வந்து கிழக்குக் கேப் பக்கம் தங்கி, ஆளுநரோடு மோதி, ஆறு வருடத்தில் திரும்பிப் போனவர். தென்னாப்பிரிக்க ஆங்கிலக் கவிதையின் தந்தை என்பார்கள். அவருடைய 'அஃபார் இன் த டெசர்ட்' கவிதையைக் கோல்ரிட்ஜே வியந்து பாராட்டியிருக்கிறார். அதன் முதல் இரண்டு வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தொலைவில், பாலைவெளியில் குதிரையேறிச் செல்ல எனக்குப் பிரியம், பேசாத புஷ் சிறுவன் மட்டும் தனியே என் பக்கத்தில். 'புஷ்' என்று அவர் சொல்வது இந்த மண்ணின் பூர்வகுடிகளான சான் மக்களை.

முதலில் காது. கவிதையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன், மேசையில் விரலால் தட்டிக்கொண்டே. ஒரு வரிக்கு நான்கு அழுத்தம் விழும், நடுநடுவே இரண்டு சின்ன அசை ஓடி வந்து ஒரு பெரிய அசையில் குதிக்கும். திருப்புகழ் சந்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், தட்டிய இரண்டாவது நிமிடத்தில் ஒருத்தி "ஆண்ட்டி, குதிரை ஓடுது" என்றாள். வடிவம் என்றால் இதுதான். 'இக்கவிதை இரண்டிரண்டு அடியாக எதுகை பெற்றுள்ளது' என்று மட்டும் எழுதினால் அது பாத்திரத்தின் அளவைச் சொல்வது, உள்ளே என்ன வேகிறது என்று சொல்வதாகாது. எதுகை நம்மைப் போல வரியின் தொடக்கத்தில் இல்லாமல் வரிக்கடைசியில் வருகிறது, நாம் இயைபு என்போமே, அது. ஒவ்வொரு இரண்டு வரிக்கும் ஒரு குளம்படி விழுந்து முடிகிறது. கவிதையின் ஒவ்வொரு பத்தி தொடங்கும்போதும் அந்த முதல் இரண்டு வரி திரும்ப வருகிறது. எவ்வளவு தூரம் ஓடினாலும் இவன் அதே இடத்திலிருந்துதான் மறுபடி கிளம்புகிறான் என்று ஒரு பையன் எழுதினான். வடிவத்தைப் பற்றி எழுத வேண்டியது அந்த மாதிரி வாக்கியம்.

அடுத்து தாள். முதற்பொருள் சுலபம்: பாலைவெளி, கரூ என்ற வறண்ட நிலப்பரப்பு, கடைசியில் நள்ளிரவு, நட்சத்திரம். கருப்பொருள் பத்தி நிரம்பி வழிந்தது. மான் வகைகளைப் பெயர் சொல்லிச் சொல்லி அடுக்குகிறார், யானை, காண்டாமிருகம், வரிக்குதிரை, தீக்கோழி, விஷ முள். ஒரு பிள்ளை அந்தப் பட்டியலில் தீக்கோழிக்கு அடுத்ததாக 'சிறுவன்' என்று எழுதி வைத்திருந்தாள். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தப்பாக எழுதவில்லை. கவிதை அவனை அங்கேதான் வைத்திருக்கிறது. அவனுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, என்ன நினைத்தான் என்று ஒரு வரி இல்லை.

இப்போது மொழி. 'தனியே' என்ற சொல்லைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆள் குதிரையில் வருகிறான், ஆனாலும் வரியில் தனியே என்ற சொல் இருக்கிறது. இலக்கணப்படி அது 'அவன் மட்டும்' என்றுதான் பொருள்படும், சரி. ஆனால் கவிதை முடிகிற இடத்தில் பேசுபவன் ஒரு கல்லருகே ஒதுங்கி உட்கார்ந்து, பைபிளில் ஓரேபு மலைக் குகையில் இருந்த தீர்க்கதரிசி எலியாவைப் போல நானும் தனியே என்கிறான். அதே சொல். சிறுவன் எங்கே போனான்? எங்கும் போகவில்லை, எண்ணிக்கையில் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மெல்லிய குரல் கேட்கிறது, மனிதன் தூரத்தில், கடவுள் பக்கத்தில் என்று. கவிதை முழுக்கப் பக்கத்திலேயே இருந்த மனிதன் வாய் திறக்காதபோது, மனிதன் தூரத்தில் என்று ஒரு குரல் வந்து ஆறுதல் சொல்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் அவசரப்பட்டு முத்திரை குத்த வேண்டாம் என்பேன். இதே பிரிங்கிள் லண்டன் திரும்பி அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளராக வேலை பார்த்தவர், அடிமைத்தனத்துக்கு எதிராக எழுதியவர். இரண்டும் ஒரே ஆள். நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரையைவிட, சுதந்திரத்தைப் பாடும் கவிதைக்குள் ஒருவன் ஊமையாக வருகிறான், கவிதைக்கே அது தெரியவில்லை என்று காட்டும் கட்டுரை நிற்கும். அக்கா மகன் நான்கு வாங்கியது இந்தக் கவிதைக்கு அல்ல, ஆனால் அவன் எழுதிய 'தனிமை' என்ற அதே சொல்லை வைத்து இவ்வளவு தூரம் வரலாம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மொழியை அலச எனக்குத் தெரிந்த நல்ல குறுக்குவழி ஒன்று: சொல்லை மாற்றிப் பார்ப்பது. ரொமான்டிக் காலத்து வில்லியம் பிளேக்கின் 'லண்டன்' கவிதை 1794-இல் வந்தது. அதில் தெருவுக்கும் தேம்ஸ் ஆற்றுக்கும் 'சார்ட்டர்ட்' என்று ஒரே அடைமொழி போடுகிறார், அதாவது பட்டயம் எழுதி உரிமை கொடுக்கப்பட்ட தெரு, பட்டயம் எழுதப்பட்ட ஆறு. பிள்ளைகளிடம், இந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடுங்கள் என்றால் எல்லாரும் 'அழுக்கான' என்பார்கள். பிளேக்கும் முதலில் அதைத்தான் எழுதினார்! அவருடைய குறிப்பேட்டில் அழுக்குத் தெரு, அழுக்குத் தேம்ஸ் என்று இருந்து, பிறகு மாறியிருக்கிறது. அழுக்கு என்றால் கழுவிவிடலாம். பட்டயம் என்றால் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், யாருக்கோ அது சொத்து, ஓடுகிற தண்ணீருக்குக்கூட. ஒரு சொல்லில் கவிதை சுகாதாரத்திலிருந்து அரசியலுக்குப் போய்விடுகிறது. எந்தக் கவிதையிலும் உங்களை இடறும் ஒரு சொல்லை எடுத்து, அதன் இடத்தில் சுலபமான சொல்லைப் போட்டு, என்ன குறைந்தது என்று எழுதுங்கள். 'கவிஞர் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்துள்ளார்' என்று எழுதும் நோய் இதில் தீர்ந்துவிடும்.

அதே கவிதையில் எண்ணிப் பார்ப்பதற்கும் இடம் இருக்கிறது. 'ஒவ்வொரு' என்ற சொல் இரண்டாம் பத்தியில் மட்டும் ஐந்து முறை. தப்பித்தவர் யாரும் இல்லை என்பதை வாதாடாமல் எண்ணிக்கையிலேயே சொல்லிவிடுகிறார். இரண்டாம் பத்தி 'கேட்கிறேன்' என்ற சொல்லில் முடிகிறது. மூன்றாம் பத்தியின் நான்கு வரிகளின் முதலெழுத்தையும் மேலிருந்து கீழே கூட்டினால் ஆங்கிலத்தில் 'கேள்' என்று வரும். நம் சித்திரகவிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். இதையே பெரிய கண்டுபிடிப்பாக வைத்துக் கட்டுரை முழுக்க ஓட்டாதீர்கள், ஒரு வாக்கியம் போதும்.

வடிவம் என்றதும் சானெட் பற்றிக் கேட்பார்கள். பதினான்கு வரி, எதுகை அமைப்பு, அது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பெட்டிக்குள் இதை ஏன் அடைத்தார் என்பது. ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' 1818-இல் வந்தது, பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னன் சிலையைப் பற்றியது. ஒரு பயணி சொன்னதாக ஒருவன் சொல்கிறான், அந்தப் பயணி கல்லில் எழுதியிருந்ததைச் சொல்கிறான். மன்னர் மன்னனுக்குக் கிடைத்தது பதினான்கில் இரண்டே வரி, அதுவும் மூன்றாம் கை வழியாக. அந்தப் பெருமைப் பேச்சு முடிந்ததும் 'வேறொன்றும் மிச்சமில்லை' என்று ஒரு குட்டி வாக்கியம் வந்து உட்காருகிறது. நீளமான வாக்கியங்களுக்கு நடுவே சின்ன வாக்கியம் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள், பெரும்பாலும் கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.

நம் காலத்துக் கவிதைக்கு வந்தால் பிள்ளைகளுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. எதுகை இல்லை, சந்தம் இல்லை, வடிவத்தில் என்ன எழுதுவது? வரி முறியும் இடத்தை எழுதுங்கள். இதைக் காட்ட நானே ஐந்து வரி கட்டிவைத்திருக்கிறேன், கவிதை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, பாடத்துக்கு ஆகும்:

தாத்தாவின் அப்பாவுக்குப்
பெயர் இருந்தது
என்கிறார்கள்.
தாளில் இருப்பது
எண்.

1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த நாளிலிருந்து, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். இங்கே குடும்ப வேரைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். இந்த ஐந்து வரியையும் ஒரே வரியாக எழுதிப் பாருங்கள்: தாத்தாவின் அப்பாவுக்குப் பெயர் இருந்தது என்கிறார்கள், தாளில் இருப்பது எண். செய்தி முழுசாக இருக்கிறது, அடி விழவில்லை. முறித்து எழுதியபோது 'பெயர் இருந்தது' என்பது ஒரு நொடி உறுதியான உண்மையாக நிற்கிறது. கண் கீழே இறங்கியதும் 'என்கிறார்கள்' அதைப் பிடுங்கிக்கொள்கிறது. பெயருக்கு ஆதாரம் வாய்ப்பேச்சு மட்டும். எண்ணுக்கு ஒரு வரி முழுக்கச் சொந்தம், சுற்றிலும் வெள்ளைத்தாள். 'என்', 'எண்' என்று காதில் ஏறக்குறைய ஒன்றாக விழுவதையும் ஒரு பெண் பிடித்துவிட்டாள், நான் அதைத் திட்டமிடவே இல்லை. கவிஞர் நினைத்து எழுதினாரா என்று கவலைப்படாதீர்கள், வரியில் இருந்தால் எழுதலாம்.

இனி உண்மையான கவிஞர் ஒருவர். ஆஸ்வால்ட் மட்ஷாலி, நம் குவாசூலு-நட்டால் மாகாணத்து ஃப்ரைஹெய்டில் பிறந்தவர், 1971-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் 'பாய் ஆன் அ ஸ்விங்' என்று ஒரு சின்னக் கவிதை. ஊஞ்சலில் ஒரு பையன், முதலில் மெதுவாக, அப்புறம் வேகம். நீலச் சட்டை கிழிந்த காற்றாடி போலப் படபடக்கிறது. கிழக்கு மேற்காகிறது, வடக்கு தெற்காகிறது. கடைசியில் அம்மாவிடம் கேள்விகள்: நான் எங்கிருந்து வந்தேன், எப்போது நீளக் காற்சட்டை போடுவேன், அப்பாவை ஏன் சிறையில் வைத்தார்கள்.

கரு பத்தியில் ஊஞ்சல், சட்டை, காற்றாடி, காற்சட்டை. எல்லாம் விளையாட்டுச் சாமான், சிறை மட்டும் பொருந்தவில்லை. பட்டியலில் எந்தப் பொருள் மற்றதோடு ஒட்டாமல் நிற்கிறதோ அதன்மேல் கை வைக்க வேண்டும். கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். முதல் கேள்வி எந்த ஊர்க் குழந்தையும் கேட்பது. இரண்டாவது வளரத் துடிக்கும் பையன் கேட்பது. மூன்றாவதை அன்றைய நிறவெறி ஆட்சியில் ஒரு கறுப்பினக் குழந்தை கேட்கிறது, அதே குரலில், அதே மூச்சில். அவனுக்கு மூன்றும் ஒரே எடை. நமக்குத்தான் மூன்றாவதில் தொண்டை அடைக்கிறது. அம்மாவின் பதிலுக்கு ஒரு வரி இல்லை. 'நிறவெறியின் கொடுமை' என்று மையக்கருத்தை முதலிலேயே எழுதிவிட்டால் கிழிந்த காற்றாடி, காற்சட்டை எதுவும் கண்ணில் படாது. சட்டை 'கிழிந்த' காற்றாடி போல இருக்கிறது என்பதைப் பிடித்த பிள்ளைக்குத்தான் வீட்டின் நிலைமை ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

சொற்கள் எந்த வீட்டிலிருந்து வருகின்றன என்றும் பாருங்கள். டக்ளஸ் லிவிங்ஸ்டன் டர்பனில் கடல்நீர்க் கிருமிகளை ஆராய்ந்த விஞ்ஞானி, நல்ல கவிஞரும்கூட. தண்ணீர் மாதிரி எடுக்கும் கரையோர இடங்களையே வைத்து 1991-இல் ஒரு தொகுப்பு போட்டார். ஆய்வகச் சொல்லும் பிரார்த்தனைச் சொல்லும் ஒரே கவிதையில் வந்தால், எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது என்று குறித்துவையுங்கள். பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டை இதற்கு ஒத்திகையாக வைக்கலாம், ஃபிஜிப் பெண்களுக்காக எழுதியது, ஆனால் இங்கே பாடினாலும் அந்நியமாக இருக்காது. 'கரும்புத் தோட்டத்திலே - ஆ! கரும்புத் தோட்டத்திலே' என்று தொடங்குகிறதே, அந்த 'ஆ' எந்த வீட்டுச் சொல்? அகராதியில் தேடாதீர்கள், பாடிப் பாருங்கள்.

எழுதும்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் "அதனால என்ன?" என்று கேளுங்கள். 'இங்கே மோனை வந்துள்ளது.' அதனால என்ன? பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அணிகளின் பெயரைச் சரம்சரமாக எழுதுவது கல்யாண வீட்டில் பாத்திரம் எண்ணுகிற மாதிரி, சாப்பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கவிதைக் கட்டுரைக்கு 250 முதல் 300 சொல் கேட்பார்கள், அதில் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இடமே இல்லை. மேற்கோள் மூன்று நான்கு சொல் போதும், முழு வரியைப் பெயர்த்து எழுதுகிறவர்கள் நேரத்தைத் தின்கிறார்கள். கேள்வியில் வடிவம் என்று கேட்டிருக்கிறதா, சொல்லாட்சி என்று கேட்டிருக்கிறதா, உணர்வுத் தொனி என்று கேட்டிருக்கிறதா என்பதை வட்டம் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அக்கா மகன் இதைச் செய்யாமல் இன்னும் ஒரு முறை மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டான், அது வேறு கதை.

முன்பின் தெரியாத கவிதை வந்தால் முதல் ஐந்து நிமிடம் விடை எழுதாதீர்கள். உதட்டை அசைத்து இரண்டு முறை படியுங்கள், மேற்பார்வையாளர் பார்த்தால் பார்க்கட்டும். கேள்வித்தாள் ஓரத்திலேயே மூன்று பத்தி. கவிதை எங்கே திரும்புகிறது என்று ஒரு அம்பு, 'ஆனால்' மாதிரிச் சொல் வருமிடம், காலம் மாறுமிடம், கேள்வி எழுமிடம், எதுவானாலும். உரி பத்தியில் ஒற்றைச் சொல் எழுதாதீர்கள். தனிமை, காதல், மரணம் என்பதெல்லாம் பெயர்ப்பலகை. அந்தத் தனிமையைப் பற்றி இந்தக் கவிதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் வேண்டும், வினைச்சொல்லோடு.

தலைப்பை எல்லாரும் ஆரம்பத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கடைசி வரி முடிந்ததும் மறுபடி மேலே போய்ப் படியுங்கள். 'ஊஞ்சலில் ஒரு பையன்' என்று வெறுமனே வைத்திருக்கிறார் மட்ஷாலி, பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அப்பாவைப் பற்றிய கேள்வியைப் படித்துவிட்டு அந்தத் தலைப்புக்குத் திரும்பிப் போனால், ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.